ஏணிக்கு விழுந்த ஒரு ஓட்டு

"ஒண்ணா?" என்று கேட்டார் கோமதிநாயகம். தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்த மரச்சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"ஒண்ணுதான் ஓய்," என்றார் சுப்ரமணியன். "பக்கத்துலயே உக்காந்து எண்றதைப் பாத்துண்டிருந்தேன். மத்த பூத்துலல்லாம் உமக்கு அங்கங்க கொஞ்சம் விழுந்திருக்கு. யார் போட்டாளோ, பகவானுக்குத்தான் தெரியும். உம்ம சந்து பூத்துல மட்டும் ஒண்ணே ஒண்ணு."

"திரும்ப எண்ணிப் பாக்கலையா சாமி?"

"ஒண்ணை எத்தனை தடவை ஓய் எண்றது?"

சுப்ரமணியன் பம்பாய் மாட்டுங்காவாசி. கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கு வேலை. தேர்தலில் ஜெயித்தவருக்காக, ஓட்டு எண்ணும் இடத்தில் ஏஜெண்டாக உட்கார்ந்தவர். அந்தக் காலத்தில் ஒவ்வொரு பூத்தின் பெட்டியையும் தனித்தனியாகத் திறந்துதான் எண்ணுவார்கள். எந்தத் தெரு யாரைக் கைவிட்டது என்பது ஊருக்கே தெரிந்துவிடும். மகள் கல்யாணச் சீருக்குச் சொல்லியிருந்த தகரப் பெட்டியை வாங்க வந்தவர், போகிற போக்கில் இதையும் சொல்லிவிட்டு, பெட்டியைக் கூலியின் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கோமதிநாயகம் சுத்தியலைக் கீழே வைத்தார்.

தாராவியில் தகரப் பெட்டிப் பட்டறை வைத்திருந்த அவருக்கு, பெட்டி நல்லபடியாக மூடித் திறக்க வேண்டும் என்பதைத் தவிர வாழ்க்கையில் வேறு ஆசை கிடையாது. அறுபத்தேழாம் வருஷத்துச் சட்டசபைத் தேர்தலில் ஏணிச் சின்னத்தில் அவர் சுயேச்சையாக நின்றதற்குக் காரணம் சந்துக்காரர்கள்தான்.

அந்தச் சந்தில் ஒவ்வொரு தேர்தலும் ஒரு ஞாபகச் சின்னத்தை விட்டுப் போயிருந்தது. ஐம்பத்தேழில் ஜெயித்தவர் தண்ணீர்த் தொட்டிக்கு அடிக்கல் நாட்டினார். தொட்டி வரவில்லை, கல் துணி துவைக்கத் தோதாக இருந்தது. அறுபத்திரண்டில் ஜெயித்தவர் ஒரு குழாயை நட்டு, மாலை போட்டு, போட்டோ எடுத்துக்கொண்டு போனார். தண்ணீர் வரவில்லை, துவைத்த துணியைக் காயப்போடக் கொடி கட்டக் குழாய் தோதாக இருந்தது. அதற்கப்புறம் தொகுதியின் எல்லைக் கோட்டை மாற்றி வரைந்தார்கள். கல் நாட்டியவரிடம் போய்க் கேட்டால், "உங்கள் சந்து இப்போது என் தொகுதியிலேயே இல்லையே" என்றார். குழாய் நட்டவர், "நான் வாக்குக் கொடுத்தபோது இருந்த தொகுதி வேறு, இது வேறு" என்றார். பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டைத் தாண்டிப் போய், அடுத்த தொகுதித் தண்ணீரைப் பிடித்து வந்தார்கள்.

"இனி வெளியாளை நம்பிப் பிரயோஜனம் இல்ல. நம்மள்ல ஒருத்தர் நிக்கணும்," என்று டீக்கடை பிரம்மநாயகம் ஒரு நாள் சொன்னார். தோல் பட்டறை ஜெயினுலாப்தீன் பாய், "அதுதான் சரி," என்றார். யார் நிற்பது என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது, கோமதிநாயகம் குனிந்து டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்ப்பதற்குள் வேட்பாளராகிவிட்டார்.

"சந்து ஓட்டு பூரா உமக்குத்தான் வே. ஒண்ணு சிந்தாது, சிதறாது," என்று பிரம்மநாயகம் அவர் தோளைத் தட்டினார்.

சிந்தாமல் சிதறாமல் அந்த ஒன்று வந்து விழுந்துவிட்டது.

அந்த ஒன்றும் அவர் போட்டது இல்லை என்பதுதான் வேடிக்கை. ஓட்டுப் போடும் நாளில் காலையிலிருந்தே அவர் வரிசையில் நின்றார். பின்னால் வந்தவர்களையெல்லாம் "நீங்க முன்னால போங்க" என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். வேட்பாளர் அல்லவா, மரியாதை காட்ட வேண்டாமா? கடைசியில் பிரம்மநாயகத்தின் மாமனார், கால் விளங்காதவர், தானும் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தார். அவரைக் கைவண்டியில் கொண்டுவந்து, ஓட்டுப் போட வைத்து, திரும்ப வீட்டில் இறக்கிவிட்டு வருவதற்குள் பூத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். கதவுக்கு வெளியே அவர் வேர்த்து விறுவிறுத்து நின்றதைச் சந்தே பார்த்தது.

ஆகவே, அந்த ஒன்று வேறு யாரோ போட்டது.

வேறொருவராக இருந்தால் இந்நேரம் சந்து முழுவதையும் சபித்திருப்பார். கோமதிநாயகத்துக்குக் கோபம் வரவில்லை. யோசிக்க யோசிக்க நெஞ்சு நெகிழ்ந்துதான் போனது. பூத்துக்குள் திரைக்குப் பின்னால் யாரும் பார்க்க மாட்டார்கள். யாருக்குப் போட்டாலும் கேட்பாரில்லை. அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ஜீவன், இந்தத் தகரம் தட்டுகிறவனை நினைத்து, ஏணியைத் தேடிக் கண்டுபிடித்து முத்திரை குத்தியிருக்கிறது. அது யார் என்று தெரிந்து, நேரில் ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும். அவ்வளவுதான் அவர் விரும்பியது.

பட்டறைக்குப் பின்னால்தான் வீடு. சாப்பிட உட்கார்ந்ததும் மனைவி ஆறுமுகத்தாயிடம் சொன்னார். "நம்ம பூத்துல எனக்கு ஒரு ஓட்டு விழுந்திருக்காம்."

ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. "ஒண்ணா?"

"ஒண்ணு."

ஆறுமுகத்தாய் கரண்டியை ரசத்தில் ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு, "பின்ன? அது நான் போட்டதுல்லா?" என்று சொல்லி, கேட்காமலே இன்னொரு கரண்டி ரசம் ஊற்றினாள்.

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சாயங்காலம் மாட்டுங்கா வரை நடந்துபோய் மல்லிகைப் பூ வாங்கிவந்தார்.

"எதுக்கு இது?"

"ஓட்டுக்கு."

பூவை வாங்கி வைத்துக்கொண்டாள். அன்றைக்கு முழுக்க அவர்மேல் ஒரு தடவைகூட எரிந்து விழவில்லை. அது கொஞ்சம் விநோதமாகத்தான் இருந்தது.

மறுநாள் டீக்கடையில் பிரம்மநாயகம் அவரைத் தனியாகப் பாய்லருக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"வே, ஒண்ணு விழுந்திருக்காமே. அது யாருதுன்னு நெனைக்கீரு?"

கோமதிநாயகம் வாயைத் திறப்பதற்குள் பிரம்மநாயகம் தன் நெஞ்சில் விரலால் குத்திக் காட்டினார். "ஒருத்தர்ட்டயும் சொல்லாதியும். அரசியல் பாத்தீரா, நாலு கட்சிக்காரனும் வந்து டீ குடிக்க எடம்."

மனைவி போட்டது என்று எப்படிச் சொல்வது? சொன்னால் இந்த மனுஷனைப் பொய்யன் என்று சொன்னதாக ஆகும். ஒருவேளை இவர்தான் நிஜமாகப் போட்டவரோ? அப்படியானால் ஆறுமுகத்தாய்? அவருக்குத் தலை சுற்றியது. "ரொம்ப நன்றி அண்ணாச்சி. உசிரு உள்ளவரை மறக்க மாட்டேன்," என்று கையைப் பிடித்துக்கொண்டார். இப்போதைக்கு அது ஒன்றுதான் பாதுகாப்பான பேச்சாகத் தெரிந்தது.

மத்தியானம் ஜெயினுலாப்தீன் பாய் வந்தார். கையில் மூடிய தட்டு. திறந்தால் பிரியாணி.

"வீட்ல செஞ்சது. நீங்க மனசு விட்டுராதிய," என்றார் பாய். பட்டறை வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அந்த ஒண்ணு நான்தான் போட்டேன். வெளிய தெரிஞ்சா என் சொந்தக்காரங்க வருத்தப்படுவாங்க. அவங்க ஆள் ஒருத்தரும் நின்னாருல்ல?"

கோமதிநாயகம் அவர் கையையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றி பாய். உசிரு உள்ளவரை மறக்க மாட்டேன்."

ஒரு ஓட்டுக்கு மூன்று சொந்தக்காரர்கள். மூன்று நன்றி. எல்லாம் ரகசியம். ரகசியமாக இருக்கும்வரை யாருக்கும் ஒரு கெடுதலும் இல்லை என்று அவர் சமாதானம் செய்துகொண்டார். பிரம்மநாயகம் வாயில் ரகசியம் எத்தனை நேரம் தங்கும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை.

அன்று சாயங்காலமே தண்ணீர் வரிசையில் பிரம்மநாயகத்தின் மனைவி, "எங்க வீட்டுக்காரர் கையப் புடிச்சுக்கிட்டு ஒங்க வீட்டுக்காரர் அழுதாராமே," என்று ஆறுமுகத்தாயிடமே சொல்லிவிட்டாள்.

ஆறுமுகத்தாய் பாதிக் குடத்தோடு வீட்டுக்கு வந்தாள்.

"நான் போட்ட ஓட்டுக்கு அவருக்கு எதுக்கு நன்றி?"

"அது சும்மா ஒரு மரியாதைக்கு..."

"மரியாதைக்கா? அப்ப எனக்கு வாங்கியாந்த பூவும் மரியாதைக்குத்தானா?"

"இல்ல தாயி, அது நெசத்துக்கு."

"அப்ப அவர் பொய்யா சொல்லுதாரு? வாங்க, போயிக் கேட்டுட்டு வருவோம்."

இதென்ன வம்பு என்று அவர் தவித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் பாயின் குரல். செய்தி அவருக்கும் எட்டியிருந்தது. "அண்ணே, பிரம்மநாயகத்துக்கும் நன்றி சொன்னியளாமே. அப்ப நான் பொய்யனா?"

ஆறுமுகத்தாய் பாயைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள். "இவருமா?"

அங்கேதான் கோமதிநாயகம் அந்தத் தப்பைச் செய்தார். யார் மனமும் நோகக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், வாயில் வந்ததைச் சொன்னார்:

"ஏன் சண்டை? நீங்க மூணு பேருமே போட்டிருப்பிய. எண்ணினவங்கதான் தப்பா எண்ணிருப்பாங்க."

பாயின் முகம் தெளிந்தது. ஆறுமுகத்தாயின் முகமும் தெளிந்தது. இரண்டு முகமும் இத்தனை சட்டென்று தெளிந்ததில் ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஆனால் சண்டை நின்றதே பெரிது என்று விட்டுவிட்டார்.

எண்ணினதில் தப்பு என்ற பேச்சு பொழுது விடிவதற்குள் சந்து முழுக்கச் சுற்றி வந்துவிட்டது. அதுவரை தலையைக் குனிந்துகொண்டு பட்டறையைத் தாண்டிப் போனவர்கள் எல்லாரும் இப்போது நிமிர்ந்து நடந்தார்கள். நின்று பேசினார்கள்.

"அண்ணாச்சி, நானும் ஒங்களுக்குத்தான் போட்டேன்."

"எங்க கோலி வீட்ல எல்லாரும் ஏணிக்குத்தான்."

"என் மாமனார் கையெழுத்துப் போடத் தெரியாத மனுசன் வே. ஏணியை மட்டும் பாத்து நச்சுனு குத்திட்டாரு. ஒம்ம கைவண்டிலதான வந்தாரு?" என்றார் பிரம்மநாயகம்.

கோமதிநாயகம் எல்லாருக்கும் கும்பிட்டுக் கும்பிட்டுக் கை ஓய்ந்துபோனார். எதிர் வீட்டுப் பேராச்சி ஒருத்திதான் வரவில்லை. அவள் புருஷன் விக்ரோலியில் ஒரு ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை பார்த்தான். தண்ணீர் வரிசையில் குடம் நகர்ந்த தகராறில் அவளும் ஆறுமுகத்தாயும் பேசிக்கொள்வதில்லை. அவரைக் கண்டாலே பேராச்சி முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்விடுவாள்.

ஞாயிற்றுக்கிழமை டீக்கடை முன்னால் கூட்டம் கூடியது. பெஞ்சின்மேல் கோமதிநாயகத்தை ஏற்றினார்கள். இதை இத்தோடு முடித்துவிட வேண்டும் என்று அவர் ராத்திரியே வாசகம் தயார் செய்து வைத்திருந்தார்.

"நம்ம சந்து மக்கள் எனக்குப் போட்ட அந்த ஒரு ஓட்டுக்கு நான் உங்க எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கிடுதேன். எனக்கு அந்த ஒண்ணே போதும்."

கைதட்டத் தூக்கிய கைகள் கீழே இறங்கின.

"குத்திக் காட்டுதீரா வே?" என்றார் பிரம்மநாயகம்.

"ஐயையோ, இல்ல அண்ணாச்சி."

"பின்ன என்ன ஒண்ணு? இங்க நிக்கவன் அத்தனை பேரும் ஒமக்குப் போட்டவன். ஒண்ணுங்கீரு! பாய், நீங்க போட்டியளா இல்லையா?"

"அல்லாஹ் சாட்சியா..." என்று ஆரம்பித்த பாய், ஏதோ நினைவு வந்தவராக, "சாட்சி எதுக்கு? போட்டேன்னா போட்டேன்தான்," என்று முடித்தார்.

"கேட்டீரா? ஊரே போட்டிருக்கு. எண்ணினது ஒண்ணு! இது என்ன அநியாயம்? இத சும்மா விடக்கூடாது. ஜெயிச்சவரு ஆபீசுக்கே போயிக் கேப்போம்!"

"ஏன் அண்ணாச்சி, வேண்டாமே..."

பெஞ்சிலிருந்து இறங்கிய வேட்பாளரை அப்படியே தூக்கி முன்னால் நிறுத்தினார்கள். இந்தச் சந்திலேயே இந்த விஷயம் முழுப் பொய் என்று உறுதியாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சுப்ரமணியன் ஒன்றை ஒன்றாகத்தான் எண்ணியிருப்பார்; கணக்கு எழுதுகிற மனுஷர். ஆனால் தனக்காக இத்தனை பேர் வேலை வெட்டியை விட்டுவிட்டுக் கிளம்பியிருக்கும்போது, "நீங்களெல்லாம் பொய் சொல்கிறீர்கள்" என்று எந்த வாயால் சொல்வது?

மறுநாள் காலையில் ஊர்வலம் புறப்பட்டது. ஜெயித்தவருடைய ஆபீஸ் மாஹிம் பக்கம் இருந்தது. ஆண்கள் முன்னால் போனார்கள். பெண்கள், போகிற வழியில்தானே அடுத்த தொகுதிக் குழாய், திரும்பும்போது தண்ணீர் பிடித்துக்கொள்ளலாம் என்று ஆளுக்கொரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டார்கள். கடைசி ஆளாகப் பேராச்சியும் குடத்தோடு வந்தாள். தலை நிமிரவில்லை.

ஜெயித்தவர் வெற்றி மாலையின் வாசனை இன்னும் போகாத அறையில் உட்கார்ந்து இனிப்புச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். முன்னால் ஒருவர் கைகூப்பி நிற்கிறார். அவருக்குப் பின்னால் ரோடு முழுக்கக் காலிக் குடங்கள்.

"யே லோக் கோன் ஹை?" இவர்கள் யார் என்று பக்கத்தில் நின்ற சுப்ரமணியனைக் கேட்டார்.

சுப்ரமணியன் வெளியே வந்து விசாரித்தார். பிரம்மநாயகம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "நாங்க அத்தனை பேரும் எங்க அண்ணாச்சிக்குத்தான் ஓட்டுப் போட்டோம். இனியும் அவருக்குத்தான் போடுவோம். போயிச் சொல்லும்!" என்றார்.

சுப்ரமணியன் கோமதிநாயகத்தைப் பார்த்தார். கோமதிநாயகம் பூமியைப் பார்த்தார். உள்ளே போன சுப்ரமணியன் கேட்டதைக் கேட்டபடி ஜெயித்தவரிடம் சொன்னார்.

ஜெயித்தவர் கையிலிருந்த பேடா தட்டுக்குத் திரும்பியது. அந்தச் சந்து தன் பையில் இருப்பதாகத்தான் அவர் அதுவரை நினைத்திருந்தார். இத்தனை பேர் ஒருவன் பின்னால் நிற்கிறார்கள் என்றால், அடுத்த தேர்தலில் அவன் தன்மேலேயே ஏணி வைத்து ஏறிவிடுவான்! அவர் வாசலுக்கு ஓடிவந்தார். ஓட்டு எண்ணிக்கையைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதற்கு முன்னால், குடங்களைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கினார்.

"பானி? அரே, பானி ஜரூர் மிலேகா! இதே வாரத்தில் மிலேகா!"

கோமதிநாயகம், "அதுக்கு வரல சேட்..." என்று உண்மையைச் சொல்ல ஆரம்பித்தார். பிரம்மநாயகம் அவர் காலை ஓங்கி மிதித்தார்.

அப்படித்தான் தண்ணீர் வந்தது. இரண்டு தேர்தல்களாக வராதது ஒரு வாரத்தில் வந்தது. தோண்டினார்கள், பைப் புதைத்தார்கள், அறுபத்திரண்டில் நட்ட அதே குழாயில் கொண்டுவந்து சேர்த்தார்கள். கொடியில் காய்ந்த துணிகளை அவிழ்த்துவிட்டுத் திறந்தபோது, குழாய் முதலில் கொஞ்சம் காற்றை விட்டது, துருவைத் துப்பியது, அப்புறம் பெரிதாக இருமிவிட்டுத் தண்ணீரைக் கொட்டியது. பிள்ளைகள் உடுப்போடு ஓடிப்போய் நனைந்தார்கள். பாய் தன் பட்டறை ஆட்களுக்கெல்லாம் லீவு விட்டுவிட்டார். பிரம்மநாயகம் புதுத் தண்ணீரில் டீ போட்டு, காசு வாங்காமல் ஊற்றினார். முதல் குடத்தைக் கோமதிநாயகத்தின் தலையில்தான் கவிழ்த்தார்கள்.

ஈரம் சொட்டச் சொட்ட அவர் சந்தின் நடுவில் நின்றார். இவர்கள் ஓட்டுப் போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன? தனக்காக வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறார்கள், தனக்காக மாஹிம் வரை நடந்திருக்கிறார்கள். இப்படி ஒரு சந்து எந்த வேட்பாளருக்குக் கிடைக்கும்?

தண்ணீர் வந்ததும் சந்துக்கு மனசாட்சியும் வந்துவிட்டது.

முதலில் ஆறுமுகத்தாய். ராத்திரி சோறு போட்டவள், எதிரில் உட்கார்ந்து புடவை நுனியைத் திருகினாள்.

"ஏங்க, ஒண்ணு சொன்னா கோவப்படாதிய. அந்த ஓட்டு நான் போடல."

"அப்படியா?"

"நீங்க பாட்டுக்கு ஜெயிச்சுட்டியள்னா? கோட்டு போட்டுக்கிட்டு சட்டசபைல போயி ஒக்காந்துக்கிடுவிய. பட்டறைய யாரு பாக்கது? வீட்டுக்கு எப்ப வருவியளோ? நெனச்சாலே பயமா இருந்துச்சு. அதான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. "யாருக்குப் போட்ட?"

"அத எதுக்குக் கேக்கிய? ரகசிய ஓட்டுல்லா!"

எத்தனை நல்ல மனசு என்று அவர் நினைத்துக்கொண்டார். தான் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக ஒருத்தி தன்னைத் தோற்கடித்திருக்கிறாள்.

அடுத்தது பாய். "அண்ணே, சொந்தக்காரங்களுக்கு ஏற்கெனவே வாக்குக் கொடுத்துட்டேன். அதான் போட முடியல. நீங்க மனசு ஒடஞ்சு இருந்தியளேன்னு ஒரு ஆறுதலுக்குச் சொன்னது, எங்கெங்கயோ போயிட்டு," என்றார். கோமதிநாயகம் அவரையும் கட்டிக்கொண்டார். அதற்கு அடுத்தது பிரம்மநாயகம். "ஊரே ஒமக்குப் போடும்போது நான் ஒருத்தன் போடாட்டி என்னான்னு நெனச்சுட்டேன் வே," என்றார். கடைசியில் பார்த்தால் சந்து முழுக்க அதைத்தான் நினைத்திருந்தது. ஒவ்வொருவராக வந்து ஓட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். கைவண்டி மாமனார்கூடச் சொல்லியனுப்பிவிட்டார்.

ஆனால் பெட்டியில் விழுந்தது விழுந்ததுதானே?

வந்தவர்களையெல்லாம் கழித்துக்கொண்டே வந்த கோமதிநாயகம், தகரத்தை மடித்துக்கொண்டிருந்த கையை ஒரு மத்தியானம் சட்டென்று நிறுத்தினார். சொன்னவர்கள் யாரும் போடவில்லை. அப்படியானால் போட்டவர் சொல்லவில்லை. சொல்லாதவர் இந்தச் சந்தில் ஒரே ஒருத்திதான்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பட்டறை வாசலில் பேராச்சி நின்றுகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, மதினி இல்லையா?"

"குழாயடிக்குப் போயிருக்கா. உள்ள வா தாயி."

"இல்ல, இங்கனயே நிக்கேன். ஒங்ககிட்டதான் ஒரு வார்த்தை சொல்லணும். எத்தன நாளா நெஞ்சுக்குள்ளயே வச்சிருக்கேன். ஒங்க மூஞ்சிய ஏறிட்டுப் பாக்க முடியல. அந்த ஓட்டு..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்," என்று அவர் எழுந்து நின்றார். மடியிலிருந்த தகரத் துண்டுகள் கீழே சிதறின. "எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அது நீ போட்டது."

பேராச்சி திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினாள். அவள் கண்ணில் தண்ணீர் தளும்பியது.

கோமதிநாயகத்தின் கண்ணிலும்தான். "என் பெஞ்சாதியோட ஒனக்குப் பேச்சு வார்த்தை இல்ல. எனக்கு ஓட்டுப் போடணும்னு ஒனக்கு ஒரு தலையெழுத்தும் இல்ல. இருந்தும் போட்ட. போட்டுட்டு, ஊர்ல எல்லாரும் நான் நான்னு மார் தட்டும்போது நீ வாயத் தொறக்கல. அந்த ஒண்ணு விழலேன்னா இத்தன பேச்சு இல்ல, ஊர்வலம் இல்ல, இன்னைக்கு இந்தத் தண்ணியும் இல்ல. சட்டசபைக்குப் போனவருக்கு ஆயிரம் ஆயிரமா விழுந்திருக்கும். அதுல எதுவும் என் ஒண்ணுக்கு ஈடாகாது. யாரும் பாக்காத எடத்துல என்னைய நெனச்சியே, அது போதும் தாயி எனக்கு."

சொல்லிவிட்டு, வயதில் இளையவள் என்றும் பாராமல், அவளைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டார்.

பேராச்சி பதறிப்போய் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"ஐயோ, கும்பிடாதிய அண்ணாச்சி! நான் மன்னிப்புக் கேக்கல்லா வந்தேன். பக்கத்துக் கட்டத்துல குத்தப் போனேன், கை வழுக்கி ஒங்க ஏணி மேல விழுந்துட்டு. அடுத்த எலெக்‌ஷன்ல பாத்து ஒழுங்கா குத்திருதேன்!"